தேன் என்னும் சொல்லும் ஓசனிச்சிட்டின் உணவும்

தமிழிலே தேன் என்னும் சொல் ஒன்று. அது சுட்டும் பொருளோ பல. பூவினுள்ளே ஊறி நிற்கும் இனிய நீரும் தேன். அந்நீரைத் தேனீக்கள் கொண்டுசென்று தம் கூட்டிலே முதிர்வித்து வைக்கும் குழம்பும் தேன். பழைய நூல்வழக்கிலே வண்டின் ஒரு சாதிக்கும் தேன் என்பதே பெயர். நறவு, மது என்னும் சொற்களை எடுத்துக்கொண்டாலோ, அவை தேனையும் குறிக்கும்; கள்ளையும் குறிக்கும். நிகண்டு கற்பிக்கும் ஆசிரியனுக்கு இவை யாவும் இன்பந் தருவன. ஒரு சொல் பல பொருள் குறித்து நிற்றல் மொழிக்கு வளம் என்றே யான் மாணாக்கருக்குச் சொல்லி வந்துள்ளேன், இன்றுஞ் சொல்வேன். ஆயினும், ஓர் உயிருக்கு உணவிடும் இடத்திலே இவ்வளமே வழுக்குநிலம் ஆகிவிடுகின்றது. பேனா பிடிப்போர் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

என்னிடம் முன்னர்ப் பாடங் கேட்டவர் ஒருவர் இப்பொழுது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே வாழ்கின்றார். வார இறுதி நாட்களில் அங்குள்ள எம்மவர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நற்பணியையும் செய்து வருகின்றார். பிள்ளைகளுக்கென அவர் எழுதிய பாடத்தாள் ஒன்றைப் பார்வையிடும் பொருட்டு எனக்கு அனுப்பியிருந்தார். அந்நாட்டு வீட்டுத் தோட்டங்களுக்கு இளவேனிலில் வந்து சேரும் ஒரு சிறு பறவையைப் பற்றியது அது. நடை தெளிவாயிருந்தது; சந்தி வழு ஒன்றுதானும் இல்லை. ஆனால், ‘இப்பறவை தேனை உண்ணும், ஆதலால் நாமும் ஒரு கிண்ணத்தில் தேன் ஊற்றி மரக்கொம்பிலே தொங்கவிடுவோம்’ என்னும் வாக்கியத்திலே என் கண் தரித்து நின்றுவிட்டது. இலக்கணப்படி அவ்வாக்கியத்திற் குற்றமில்லை. அதன்படி ஒரு பிள்ளை செய்யுமாயின், அப்பறவைக்கு நோய் வரும். சிலவேளை சாவும் வரும். இலக்கணம் பிழையாத வாக்கியம் ஓர் உயிருக்குப் பிழை செய்வது எங்ஙனம்? அதனை விளக்குதற்கு அப்பறவையின் உணவு முழுவதையும் அறிதல் வேண்டும்.

அப்பறவையைத் தமிழிற் சிலர் ரீங்காரப் பறவை என்பர். சிலர் ஓசனிச்சிட்டு என்பர். பறக்க எழும் பறவை சிறகடித்தலை ஓசனித்தல் என்பது பழைய வழக்காதலின், இரண்டாவது பெயரே எனக்கு உவப்பு. வேறு சிலரோ இதனைத் தேன்சிட்டு என்றே எழுதிவிடுகின்றனர். அது பொருந்தாது. நம் வீட்டுச் செவ்வரத்தையிலே வந்தமரும் தேன்சிட்டு வேறு, ஓசனிச்சிட்டு வேறு. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்த லோட்டன் என்பாரின் பெயரைத் தாங்கி நம் நாட்டில் வாழும் நீள் அலகுத் தேன்சிட்டும் ஓசனிச்சிட்டன்று. ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் அவற்றை அடுத்த தீவுகளிலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. வடக்கே அலாஸ்கா முதல் தெற்கே தியரா டெல் பியூகோ வரை 360க்கு மேற்பட்ட இனங்கள் உள. கியூபாத் தீவில் வாழும் மிகச் சிறிய இனத்தின் எடை ஏறத்தாழ 2 கிராம். அந்தீசு மலைப்புறத்தில் வாழும் மிகப் பெரியதன் எடையும் 20 கிராம் அளவே. ஒன்ராறியோவிலே காண்பது செங்கழுத்து ஓசனிச்சிட்டு. அது 3 கிராம் அல்லது சற்றே கூடிய எடையுடையது.

இத்துணைச் சிறிய உடல் செய்யும் வேலையோ பெரிது. பூவின் முன்னே காற்றில் அசையாது நிற்றற்கும், பின்னோக்கிப் பறத்தற்கும் வல்லது இப்பறவை. செங்கழுத்துச் சிட்டு நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சிறகடிக்கும். ஓசனிச்சிட்டின் இதயம் நிமிடத்துக்கு 1,200 முறை வரை துடித்தல் கூடும். எரியும் விளக்குக்கு எண்ணெய் வேண்டுமாறு போல, இவ்வுடலுக்கு இடையறாது சீனி வேண்டும். ஒரு நாளிலே தன் உடலின் எடைக்கு மேற்பட்ட பூந்தேனை இது பருகவல்லது. குளிர்ந்த இரவிலே, உண்ணாத பொழுதைக் கடத்தற்கு, உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் பெரிதும் தாழ்த்தி மரத்துக் கிடக்கும். இலையுதிர் காலத்திலே தெற்கு நோக்கிச் செல்லுமுன் கொழுப்பேறித் தன் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக் கொள்ளும். பின்னர் இவற்றுட் பல, 800 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மெக்சிக்கோ விரிகுடாவை இடையில் இறங்காமலே கடக்கின்றன. உணவிற் பிழை நேர்ந்தால் தாங்கத்தக்க சேமிப்பு இவ்வுடலில் இல்லை என்பதற்காகவே இவற்றைச் சொன்னேன்.

காட்டிலே இப்பறவை நாடுவது பெரும்பாலும் குழல் போன்ற வடிவுடைய பூக்களை. அவற்றுட் செந்நிறப் பூக்கள் மிகுதி. அவ்வப் பூவும் அதனை நாடும் பறவையும் ஒன்றுக்கொன்று அளந்து செய்தாற்போல அமைந்தனவும் உள. அந்தீசு மலையிலே வாள் அலகு ஓசனிச்சிட்டு என ஓரினம் உண்டு. வாலை நீக்கிப் பார்த்தால் அதன் அலகு உடலினும் நீண்டது. கொடித்தோடை இனத்து நீண்ட குழற்பூக்களின் அடியிலுள்ள தேனை அவ்வலகு எட்டும். இத்தகைய பூக்களின் தேன், நீரிலே கரைந்த சீனியே. சுக்குரோசு என்னும் வகையே அதில் மிகுதி. பல பூக்களில் அதன் செறிவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை.

அதனைப் பருகும் முறையும் வியப்புக்குரியது. நாக்கிலுள்ள நுண்குழலில் நீர் தானே ஏறுகின்றது என்றே நூறாண்டுக்கு மேலாக அறிஞர் கருதி வந்தனர். 2011ஆம் ஆண்டிலே கனெற்றிக்கட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் வேறொன்று கண்டனர். பிளவுபட்ட நாநுனி பூந்தேனுள் விரிகின்றது. வெளியே இழுக்கும்போது மூடித் தேனைச் சிறைப்படுத்துகின்றது. இவ்வாறு நொடிக்குப் பத்துக்கு மேற்பட்ட முறை நக்குகின்றது. 2014ஆம் ஆண்டில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. பறவைக் குலம் இனிப்பை உணரும் புரதமொன்றை முன்னரே இழந்துவிட்டது; ஓசனிச்சிட்டின் முன்னோரிலோ, ஊனின் சாரச்சுவையை உணரும் புரதங்கள் திரிபடைந்து இனிப்பை உணரத் தொடங்கின. ஊனைச் சுவைக்கும் நா தேனைச் சுவைக்கும் நாவாயிற்று என்று சுருங்கச் சொல்லலாம்.

நிற்க. இதுவரை சொன்னதைக் கேட்டோர், ‘தேனுண்ணும் பறவை’ என்று முடிவு கட்டிவிடுவர். அம்முடிவு பாதி உண்மையே. பூந்தேன் பறப்பதற்கு வலுத் தரும்; உடலைக் கட்டாது. தசைக்கும் இறகுக்கும் முட்டைக்கும் புரதம் வேண்டும். அதன்பொருட்டு இப்பறவை பழ ஈயையும் கொசுகையும் நுளம்பையும் பறந்தே பிடிக்கின்றது. தளிரை மொய்க்கும் அழுக்கணவனைப் பொறுக்குகின்றது. சிலந்தியையும் அதன் வலையிற் பட்ட பூச்சியையும் கவர்ந்து செல்கின்றது. ஊசி போன்ற அலகு பூச்சி பிடித்தற்கு எங்ஙனம் உதவும் என்பாருக்கு 2004ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. வாயைத் திறக்கும்போது கீழலகு வளைந்து வாய் அகலுமாறு அமைந்துள்ளது. குஞ்சுகளுக்குத் தாயொன்றே இரை கொணரும். சிறு பூச்சிகளையும் பூந்தேனையும் தன் தொண்டையிலிருந்து அவற்றின் வாயிற் பெய்து ஊட்டும். சீனிநீர் மட்டும் பெற்றுக் குஞ்சு வளராது. இளவேனிலில், பூக்கள் மலருமுன்னே வடக்கே வந்து சேர்ந்த சிட்டுகள், சாறுறிஞ்சும் மரங்கொத்தி துளைத்த துளைகளில் வடியும் மரச்சாற்றையும், அச்சாற்றுக்கு வரும் பூச்சிகளையும் உண்டு பிழைக்கின்றன.

ஆகவே, தோட்டத்திலே சீனிநீர்க் கலத்தைத் தொங்கவிட்டு, அதே தோட்டத்தில் பூச்சிகொல்லியையும் தெளிப்பவர், விருந்தினருக்குச் சோற்றை மட்டும் இட்டுக் கறியைத் தாமே கொட்டிவிட்டவர் ஆவார். அவர் கொட்டிய கறியே விருந்தினரின் பிள்ளைகளுக்கு உரிய உணவு.

இனித் தேனுக்கு வருவோம். தேனீ பூந்தேனைக் கொண்டுசென்று தன் நொதியத்தைக் கலந்து, அதிலுள்ள சுக்குரோசைக் குளுக்கோசும் பிரற்றோசுமாகப் பிரிக்கின்றது. பின்னர் சிறகால் விசிறி நீரை வற்றச் செய்கின்றது. முதிர்ந்த தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்கினும் குறைவு. அக்குறைவே தேன் நெடுங்காலம் கெடாதிருத்தற்குக் காரணம். நீர் குறைந்த இடத்திலே மதுவமும் பூஞ்சணமும் பெருக மாட்டா. ஆனால் தேனில் அவற்றின் வித்துகள் உறங்கிக் கிடக்கும். அதிலே பறவைக்கெனத் தண்ணீரை ஊற்றியவுடன் உறக்கம் கலைகின்றது. வெயிலிலே தொங்கும் கலத்தில் அக்கலவை விரைவிற் புளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், அதனைப் பருகும் சிட்டின் வாயையும் நாவையும் நோய் பற்றும். நா வீங்கிய ஓசனிச்சிட்டுக்குப் பட்டினியே கதி. நமக்கு மருந்தாகும் தேன் அதற்கு நஞ்சாவது இவ்வாறு.

கள்ளையும் தேனையும் ஒரு சொல்லாற் சுட்டிய நம் முன்னோர், தேன் புளித்தாற் கள்ளாகும் என்பதை நன்கறிந்தவர். பூவிலுள்ள தேனும் சிறிது புளிப்பதுண்டு. ஓசனிச்சிட்டுக்கு அவ்வேறுபாடு தெரியுமா என்று கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லிப் பிரிவிலே றொபேட் டட்லி என்னும் உயிரியலறிஞரும் அவர்தம் குழுவினரும் சோதித்து, 2023ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சீனிநீரில் 1 விழுக்காடு மதுசாரம் சேர்த்தபோது சிட்டுகள் பொருட்படுத்தாது பருகின. 2 விழுக்காடாக்கியபோது பருகுவதை வெகுவாகக் குறைத்தன. நாம் ஒரே சொல்லில் அடக்கிய இரண்டை அச்சிறு நா வேறுபிரித்து அறிகின்றது! அந்த நாவின் நுட்பத்தில் ஒரு கூறேனும் நம் எழுத்துக்கு வேண்டாவா?

அங்ஙனமாயின் கலத்தில் எதனை ஊற்றுவது? அமெரிக்க நாடுகளிலே பறவை பேணுவோர் அனைவரும் ஒருமுகமாகச் சொல்வது இது: வெள்ளைச் சீனி ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, வேறொன்றும் வேண்டா. சீனி முழுதும் கரையும்படி கலக்கி, சூடாக்கியிருந்தால் ஆறவிட்டு ஊற்றுதல் வேண்டும். வெள்ளைச் சீனி என்பது சுக்குரோசே ஆதலின், பூந்தேனுக்கு மிக அணித்தானது அதுவே.

இங்கும் ஒரு சொல் நம் காலை இடறும். தமிழகத்து நூல்களில் இவ்வறிவுரையைப் படிப்போர், ‘சர்க்கரை ஒரு பங்கு’ என்று காண்பர். அங்கே சர்க்கரை எனின் பெரும்பாலும் வெள்ளைச் சீனி. யாழ்ப்பாணத்திலோ சர்க்கரை வேறு, சீனி வேறு. பொங்கற்பானையில் இடும் பழுப்பு நிறப் பண்டமே நமக்குச் சர்க்கரை. நம்மவர் ஒருவர் அவ்வறிவுரையை வாசித்து அதனைக் கரைத்து ஊற்றினால், அல்லது வெள்ளைச் சீனி உடலுக்கு ஆகாது என்னும் நல்லெண்ணத்தாற் பனங்கட்டியைக் கரைத்து ஊற்றினால், அதுவும் தீங்கே. சுத்திகரியாத அவ்வகைகளிலுள்ள இரும்புச்சத்து இப்பறவையின் உடலுக்கு மிகை. நீரிழிவு நோயாளர் தேநீரில் இடும் செயற்கை இனிப்பும் ஆகாது. அதில் இனிப்பு உண்டு, வலு இல்லை. வயிறு நிறைந்து உயிர் ஒடுங்கும்.

சிவந்த சாயம் கலத்தலும் வேண்டாத வேலை. பூந்தேன் நிறமற்றது, பறவையை அழைப்பது பூவின் நிறமே. கலத்தின் ஒரு பகுதி சிவப்பாயிருந்தாற் போதும். எல்லாவற்றினும் தலையாயது தூய்மை. சீனிநீரும் நாட்பட்டாற் புளிக்கும். வெப்பமான நாட்களில் ஒன்றிரண்டு நாளுக்கொருமுறையும், குளிர்ந்த நாட்களிற் சில நாட்களுக்கொருமுறையும் பழையதைக் கொட்டிக் கலத்தைத் தேய்த்துக் கழுவிப் புதியது ஊற்றுதல் வேண்டும். நீர் கலங்கினால் அப்பொழுதே மாற்றுதல் வேண்டும். கழுவ நேரமில்லாதவர் கலத்தைத் தொங்கவிடாதிருத்தலே அறம். ஓசனிச்சிட்டு உருவிற் சிறிது, சண்டையிற் பெரிது. ஒரு சிட்டு ஒரு கலத்தைத் தன் உடைமையாக்கி ஏனையவற்றைத் துரத்தும். ஆதலால் ஒரு பெருங்கலத்தினும், ஒன்றையொன்று காணாத இடங்களில் வைத்த இரு சிறு கலங்கள் நல்லன.

‘காட்டுப் பறவைக்கு மனிதன் ஏன் ஊட்ட வேண்டும்? அதன் இயல்பை இது கெடுக்காதா?’ என்று வினவுவோர் உளர். வினா தக்கதே. சீனிநீர் கிடைப்பதால் சிட்டு தெற்கே போகாது தங்கிவிடும் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை. பகற்பொழுது குறுகுவதே அதற்குப் பயண அழைப்பு. ஆனால் ஊட்டுதலால் ஒரு மாற்றமும் விளையாது என்பதும் உண்மையன்று. அன்னாவின் ஓசனிச்சிட்டு என்னும் இனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கலிபோர்ணியாவின் தென்பகுதியை ஒட்டி வாழ்ந்தது. இன்று அது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை பரவி, அங்கே பனிக்காலத்தையும் கழிக்கின்றது. மனிதர் நட்ட அயல்நாட்டுப் பூமரங்களும் தொங்கவிட்ட கலங்களும் இதற்குத் துணை செய்தன; கலங்களுக்கு இதிலுள்ள தொடர்பை 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. கலங்கள் பெருகிய காலத்தில் அவ்வினத்தின் அலகின் வடிவே மாறி வந்துள்ளது என 2025ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு கூறிற்று. ஒரு கிண்ணச் சீனிநீர் ஓரினத்தின் எல்லையையும் உடலையும் மாற்ற வல்லதாயின், அதனை ஊற்றும் கைக்கு எத்துணைப் பொறுப்பு உண்டு!

என் கருத்து இது. முதலிலே தோட்டத்தில் அந்நிலத்துக்கு உரிய பூஞ்செடிகளை நடுக. அவை பூந்தேனையும் தரும், பூச்சியையும் தரும். இரண்டாவது, பூச்சிகொல்லியை நீக்குக. மூன்றாவதாகவே கலத்தைத் தொங்கவிடுக. கலம் பூவுக்குத் துணையேயன்றிப் பூவுக்கு ஈடாகாது. பிள்ளைகளுக்கு அதனைக் கண்டு மகிழும் பேறு வேண்டும் என்பதை யான் மறுக்கவில்லை. கண்ணெதிரே ஓர் உயிர் வந்து உண்ணக் காணும் பிள்ளை, அவ்வுயிரை மறவாது.

கொடைமடம் என்பது நம் இலக்கியம் போற்றிய ஒரு பண்பு. மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன். மயில் போர்வையை உடுக்குமா என்று அவன் ஆராயவில்லை. அவன் நெஞ்சின் நெகிழ்ச்சியையே சான்றோர் பாராட்டினர். யானும் பாராட்டுகின்றேன். ஆயினும் ஒன்றைக் கருதுக. அப்போர்வையால் மயிலுக்குப் பயனில்லை எனினும், தீங்கும் இல்லை. தேன் ஈந்த பிள்ளையின் நெஞ்சமும் பேகன் நெஞ்சம் போன்றதே. ஆனால் அவ்வீகையால் ஓசனிச்சிட்டு நோயுறும். கொடைமடம் கொடுப்போனுக்கு அழகு. பெறுவது வாயில்லாப் பறவையாயின், கொடுப்போனுக்கு அறிவும் வேண்டும். பாத்திரமறிந்து பிச்சையிடு என்னும் பழமொழிக்கு, வாங்கும் வயிற்றை அறிந்து இடுக என்றும் பொருள் கொள்வோமாக.

அப்பிள்ளைக்கு அறிவு தருவது யார் கடன்? பாடம் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் கற்பிப்போரும் ஆகிய எம்முடைய கடனே. ஒரு சொல்லுக்காக இத்துணை வாதமா எனச் சிலர் நகைத்தல் கூடும். செய்யுளிலே தேன் எப்பொருளிலும் இனித்துக் கொண்டிருக்கட்டும். அங்கே எவரும் நோயுறார். அறிவியற் பாடத்தில், பூவினுள் ஊறுவதைப் பூந்தேன் என்றும், கூட்டில் முதிர்ந்ததை மட்டும் தேன் என்றும் எழுதுவோம். வெள்ளையாயின் வெள்ளைச் சீனி என்றே எழுதுவோம். சர்க்கரை என்று எழுதி, எந்தக் கரையில் வாசிக்கின்றார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாற விடவேண்டா. நம் நாட்டுச் சிட்டுக்குத் தேன்சிட்டு என்னும் பெயரை விட்டுவைத்து, அமெரிக்கப் பறவைக்கு ஓசனிச்சிட்டு என்னும் பெயரை வழங்குவோம். அதன் உணவைச் சொல்லுமிடத்தே, பூந்தேனும் பூச்சியும் என இரண்டையும் சேர்த்தே சொல்வோம். இவை எழுதுவோர்க்குச் சில எழுத்தின் செலவே. 3 கிராம் எடையுள்ள அவ்வுயிருக்கு அதுவே வாழ்வு.